முத்திரையிட்ட மாதிரியும் அதன் பிரதிகளும்

பழம்பொருள் சேகரிப்போரின் சபையில் பிரதிக்கு என்றும் திண்ணையில்தான் இடம். ஓர் ஓவியத்தின் நகலையோ ஒரு நாணயத்தின் போலியையோ எவரும் கௌரவமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதில்லை. ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் காலாட்படையின் சக்கிமுக்கித் துப்பாக்கியை மட்டும், அது நம் காலத்தில் இத்தாலியிலோ இந்தியாவிலோ செய்யப்பட்ட பிரதி என்று நன்கு அறிந்தே விலைகொடுத்து வாங்கி, எண்ணெயிட்டுப் பேணி, அதன் அங்குலக் கணக்குகளைப் பற்றி ஓயாது வாதாடுகிறவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். இதனை வயது வந்தோரின் விளையாட்டு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அத்துப்பாக்கியின் பூர்வ சரித்திரத்தைச் சற்று ஊன்றிப் பார்ப்போமானால், பிரதி செய்யப்படுவது அதற்குப் பிற்காலத்தில் நேர்ந்த விபத்தன்று என்பதும், ஒரு மாதிரியைப் பார்த்து இயன்ற அளவு அதனைப் போலவே செய்யப்படுவதற்கென்றே அது பிறந்தது என்பதும் விளங்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகளின் ஆயுதங்களை வாங்கும் பொறுப்பும், அதனால் வரும் லாபமும், பெரும்பாலும் அந்தந்தக் கர்னல்களின் கையில் இருந்தன. ஒரு கர்னல் வாங்கிய துப்பாக்கி மற்றொரு கர்னலின் துப்பாக்கியைப் போல் இராது. குண்டும் மாறும், கோலும் மாறும். இந்தக் குழப்பத்தை ஒழிக்க ஆர்ட்னன்ஸ் போர்டு என்னும் படைக்கல வாரியம் மேற்கொண்ட உபாயம் மிகவும் எளியது. அரசரின் அங்கீகாரம் பெற்ற ஒரு துப்பாக்கியை மாதிரியாக வைத்து, அதற்கு முத்திரையிட்டு, இனிச் செய்யப்படும் ஒவ்வொன்றும் இதனைப் போல் இருக்கவேண்டும் என்று அது விதித்தது. 1720களில் உருப்பெற்று 1730 அளவில் நிலைபெற்ற ‘லாங் லாண்ட் பாட்டர்ன்’ என்னும் நெடுங்குழல் துப்பாக்கி இவ்வாறு தோன்றியதாகும். பிற்காலத்தில் ‘பிரௌன் பெஸ்’ என்ற செல்லப்பெயரால் உலகம் அறிந்த துப்பாக்கி வமிசத்திற்கு இதுவே மூலபுருஷன்.

மாதிரி ஒன்றாயினும் செய்கிறவர்கள் பலர். குழல்களும் விசைப்பூட்டுகளும் பர்மிங்காமிலும் லண்டன் மினரிஸ் பகுதியிலும் இருந்த கம்மியர்களிடமிருந்து தனித்தனியே வாங்கப்பட்டன. பித்தளை உறுப்புகளை வேறு சிலர் வார்த்தனர். வால்நட் மரக்கட்டைகளை இன்னும் சிலர் அறுத்துத் தந்தனர். இவை யாவும் லண்டன் கோட்டையிலும் பிற கிடங்குகளிலும் குவிக்கப்பட்டு, தேவை எழும்போது மரவேலைக்காரரிடமும் பொருத்துவோரிடமும் கொடுக்கப்பட்டு முழுத் துப்பாக்கிகளாக வெளிவந்தன. இந்நிலைகள்தோறும் வாரியத்தின் பரிசோதகர்கள் நின்றார்கள். குழலில் மிகையான மருந்தைக் கெட்டித்து வெடித்துப் பார்த்து, சிதறாமல் தாங்கிய குழலின்மேல் மகுடமும் குறுக்கிட்ட இரு செங்கோல்களும் கொண்ட முத்திரையைக் குத்துவார்கள். விசைப்பூட்டின் உட்புறத்திலும் மரத்தின் வயிற்றிலும் தங்கள் சிறு அடையாளங்களைப் பதிப்பார்கள். யந்திரம் இல்லாத அக்காலத்தில் ஒரு துப்பாக்கியின் திருகாணி மற்றொன்றுக்குப் பொருந்தாது. கை ஒவ்வொன்றுக்கும் உரிய விலக்கல்களைப் பொறுத்துக்கொண்டு, கண்ணுக்கும் அளவுகோலுக்கும் இயன்ற வரையில் ஒருமை கண்டதே அந்த நிர்வாகத்தின் சாதனை. இன்று ஒரு பிரதியைக் கையில் வாங்கி, மூலத்தின் அளவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறை காணும் சேகரிப்பாளர், அறிந்தோ அறியாமலோ அந்தப் பரிசோதகரின் நாற்காலியில்தான் அமர்ந்திருக்கிறார்.

அவ்வேலைக்கு முதற்கண் வேண்டுவது மாதிரிகளின் வமிசாவளியில் தெளிவு. லாங் லாண்ட் துப்பாக்கியின் குழல் 46 அங்குல நீளமுடையது. அதன் விசைப்பூட்டின் அடிவிளிம்பு முதலில் வாழைப்பழம்போல் வளைந்திருந்து, 1756ஆம் ஆண்டு மாதிரியில் ஏறக்குறைய நேர்கோடாயிற்று. மரத்தாலான கெட்டிக்கும் கோல் படிப்படியாக மறைந்து எஃகுக் கோல் வந்தது. 1769 அளவில் ‘ஷார்ட் லாண்ட்’ என்னும் மாதிரி ஏற்கப்பட்டது; அதன் குழல் 42 அங்குலம். அமெரிக்கச் சுதந்தரப் போரில் இவ்விரண்டுமே கலந்து வழங்கின. இவற்றுக்குப் பின் வந்ததும், எண்ணிக்கையில் இவ்விரண்டையும் விழுங்கியதும், ‘இந்தியா பாட்டர்ன்’ எனப்படும் 39 அங்குலத் துப்பாக்கியாகும். சேகரிப்பாளர்கள் பழக்கத்தில் இவற்றை முதல் மாடல், இரண்டாம் மாடல், மூன்றாம் மாடல் என்று எண்ணுவது உண்டு. அவ்வெண்கள் இருபதாம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர் இட்டவையே அன்றி, வாரியத்தின் ஏடுகளில் காணப்படுபவை அல்ல. வகை எதுவாயினும் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய முக்கால் அங்குலம். அதில் இடப்படும் ஈயக்குண்டோ ராத்தலுக்குப் பதினான்கு என்னும் கணக்கில் வார்க்கப்பட்டு, 0.69 அங்குல அளவே இருக்கும். சில வெடிகளுக்குள் குழலின் உள்ளே கரி படிந்து வழி குறுகிவிடும். அப்போதும் குண்டு தடையின்றி இறங்கவேண்டும் என்பதற்காகவே இந்த இடைவெளி. குறி தவறுவதற்கும் அதுவே காரணம். நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு தனி மனிதனைக் குறிவைத்துச் சுடுவது வீண் என்பதை அக்காலத்தவர் நன்கு அறிவர். அணிவகுத்து நின்று, நிமிடத்திற்கு மூன்று முறை ஒருசேரச் சுடுவதற்கு அமைந்த கருவி அது.

இந்தியா பாட்டர்னின் கதை நமக்கு நெருங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி, சென்னை, வங்காளம், பம்பாய் என்னும் தன் மூன்று ராஜதானிகளின் சேனைகளுக்காக லண்டன் துப்பாக்கிக் கம்மியர்களிடம் நேரே வாங்கி வந்த துப்பாக்கி அது. அரசரின் துப்பாக்கியைவிடக் குறுகியது, இலேசானது, செய்வதற்கு எளியது. கோலைத் தாங்கும் பித்தளைக் குழாய்கள் நான்குக்குப் பதில் மூன்றே உள்ளன. கைப்பிடிக் கழுத்தின்மேல் கட்டைவிரல் படும் இடத்தில் பதிக்கப்படும் பித்தளைத் தகடும் நீக்கப்பட்டிருந்தது. 1793இல் பிரான்சுடன் போர் மூண்டபோது வாரியத்தின் கிடங்குகளில் போதிய ஆயுதங்கள் இல்லை; நல்ல வால்நட் மரமும் தேர்ந்த கைகளும் நினைத்தவுடன் கிடைப்பனவும் அல்ல. அடுத்த ஆண்டில் வாரியம், கம்பெனியின் கையிருப்பையும் அதற்காகச் செய்யப்பட்டுக்கொண்டிருந்தவற்றையும் வாங்கிக்கொண்டது. 1797இல் தன் கம்மியர் அனைவரும் அந்த மாதிரியையே செய்யவேண்டும் என்றும் ஆணையிட்டது. நெப்போலியனுடன் நடந்த போர்கள் முடிவதற்குள் அவ்வகைத் துப்பாக்கிகளின் தொகை 30 லட்சத்தை நெருங்கிவிட்டது. சென்னைச் சிப்பாயின் தோளுக்கென்று சிக்கனமாகச் செய்யப்பட்ட துப்பாக்கி வாட்டர்லூ வரை சென்ற விசித்திரத்தை, டேவிட் ஹார்டிங் கம்பெனியின் சிற்றாயுதங்களைப் பற்றி எழுதிய நான்கு தொகுதிகளைப் படிக்கிறவர்கள் ஆதாரங்களுடன் அறியலாம். இத்துறையில் கம்பெனியின் ஆயுதங்களை அவ்வளவு பொறுமையுடன் ஆராய்ந்த நூல் வேறொன்று எனக்குத் தெரியாது.

இத்தனை லட்சம் செய்யப்பட்டிருக்க, அசலைச் சேகரிப்பதை விடுத்துப் பிரதியை நாடுவானேன் என்று கேட்கலாம். போருக்குப் பின் உபரியான துப்பாக்கிகள் உலகெங்கும் விற்கப்பட்டன. மெக்சிகோ தன் சேனைக்கு இந்தியா பாட்டர்ன்களை வாங்கியது. 1836இல் டெக்ஸாஸின் அலமோ கோட்டையைத் தாக்கிய அச்சேனையின் தோள்களில் இருந்தவை அவையே. நியூஸிலாந்தின் மாவோரிகளிடமும் ஆப்பிரிக்கக் கரைகளிலும் பிரிட்டிஷ் துப்பாக்கிகள் பண்டமாற்றாய்ச் சென்றன. கேப்பு வைத்து வெடிக்கும் முறை வந்தவுடன் பல துப்பாக்கிகளின் சக்கிமுக்கிப் பூட்டுகள் களையப்பட்டன. 1841 அக்டோபர் 30ஆம் நாள் இரவு லண்டன் கோட்டையின் பெருங்கிடங்கில் பற்றிய தீயில் பெருந்தொகையான ஆயுதங்கள் அழிந்தன. எஞ்சியவற்றுள் முந்திய மாதிரிகள், சிறப்பாக அமெரிக்கப் போரில் பயன்பட்டன என்று நிறுவத்தக்கவை, சாமானியர் கைக்கு எட்டாத விலை பெற்றுவிட்டன. இவையெல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இருநூற்றைம்பது ஆண்டுத் துருவைச் சுமந்த குழலில் மருந்து கெட்டித்துச் சுடுவது ஆபத்து. அதன் மரத்தை வெயிலிலும் மழையிலும் எடுத்துச் செல்வது அநியாயம். துப்பாக்கியைக் கண்ணாடிக்கு வெளியே எடுத்து, அதனைக் கொண்டு அக்காலத்துச் சிப்பாயின் கை என்ன செய்தது என்பதை அறிய விரும்புகிறவனுக்குப் பிரதி ஒன்றே கதி.

இன்றைய பிரதித் தொழிலுக்கு வழிகோலியது வேறொரு போரின் நினைவு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு விழா 1961இல் தொடங்க இருந்ததை முன்னிட்டு, வால் ஃபார்ஜெட் என்னும் அமெரிக்க வியாபாரி 1950களின் இறுதியில் இத்தாலிக்குச் சென்று, கோல்ட் கம்பெனியின் பழைய ரிவால்வர்களைப் போல் செய்து தரவல்ல கம்மியர்களைத் தேடிப் பிடித்தார். பிரெஷியா நகருக்கு வடக்கே கார்தோனே வால் திரொம்பியா என்னும் பள்ளத்தாக்கு ஊரில் பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழில் நடந்து வருகிறது. 1957இல் தாவிதே பெதர்சோலி தொடங்கிய கம்பெனியும் அவ்வூரினதே. பின்னர் 1976இல் அமெரிக்கச் சுதந்தரத்தின் இருநூறாம் ஆண்டு வந்தபோது, லெக்ஸிங்டன், ஸாரடோகா ஆகிய போர்களை மீண்டும் நடித்துக் காட்ட விரும்பிய ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிரிட்டிஷ் துப்பாக்கி தேவைப்பட்டது. அத்தேவையை இத்தாலியப் பெதர்சோலியும் ஜப்பானின் மிரோகு கம்பெனியும் பூர்த்தி செய்தன. மிரோகு தன் பிரௌன் பெஸ்ஸை நெடுங்காலம் செய்யவில்லை; ஆகவே அது இன்று தானே ஒரு சேகரிப்புப் பொருளாகிவிட்டது. ஒரு பிரதி பழையதாகி அரிதாகி அதற்கும் அபிமானிகள் தோன்றியிருப்பதைக் காண வேடிக்கையாக இருக்கிறது.

பெதர்சோலியின் பிரௌன் பெஸ்ஸின் விசைப்பூட்டுத் தகட்டை அருகே வைத்துப் பார்த்தால் இப்பிரதிகளின் குணமும் குற்றமும் ஒருங்கே தென்படும். தகட்டின் நடுவில் மகுடமும் அதன்கீழ் ஜார்ஜ் அரசரின் இரு எழுத்துகளும், வால்பக்கத்தில் ‘கிரைஸ்’ என்னும் பெயரும், 1762 என்னும் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. கிரைஸ் என்பவர் பர்மிங்காமில் வாரியத்திற்கு விசைப்பூட்டுகள் செய்து தந்த ஒப்பந்தக்காரர், பெயர் மெய்யே. ஆனால் குழல் 42 அங்குல வகையைச் சேர்ந்தது. அம்மாதிரியோ ஏற்கப்பட்டது 1769 அளவில். மேலும் 1764க்குப் பின் வாரியம் கம்மியரின் பெயரையும் ஆண்டையும் நீக்கி, ‘டவர்’ என்னும் கோட்டைப் பெயரையே தகட்டில் வெட்டுவித்தது. அப்படியாயின் இது தவறா? கண்டிப்பான பண்டிதர்கள் தவறென்பர். பழைய இருப்பிலிருந்த பூட்டுகளைப் புதிய துப்பாக்கிகளில் பொருத்திக் கணக்கு முடிப்பது அந்த வாரியத்தின் வழக்கமே ஆதலால், 1762ஆம் ஆண்டுப் பூட்டு ஷார்ட் லாண்ட் துப்பாக்கியில் அமர்ந்திருப்பது நடக்கக்கூடாத காரியமன்று. என் அபிப்பிராயத்தில் குறை அந்த ஒரு துப்பாக்கியில் இல்லை. பல்லாயிரம் துப்பாக்கிகளிலும் அதே கிரைஸ், அதே 1762 மாறாமல் வருவதில்தான் இருக்கிறது. கைத்தொழில் காலத்துத் துப்பாக்கிகளின் வரிசையில் பெயர்களும் ஆண்டுகளும் பலவாய்க் கலந்து கிடந்தன. இன்று ஒரு மைதானத்தில் அணிவகுக்கும் இருநூறு பேரின் துப்பாக்கிகள் அனைத்தும் ஒரே வருஷத்தில் ஒரே கம்மியன் கையில் பிறந்தனவாகக் காட்சியளிப்பது, அந்த வாரியத்தின் கடுமையான பரிசோதகர்களே கனவு காணாத ஒருமை.

இத்தாலியத் துப்பாக்கியின் விலை ஏற ஏற இந்தியாவில் செய்யப்பட்ட பிரதிகள் சந்தைக்கு வந்தன. வட இந்தியப் பட்டறைகளில் செய்யப்பட்டு, அமெரிக்க, கனடிய வியாபாரிகளின் வழியாக விற்கப்படும் இத்துப்பாக்கிகள், பெரிய கம்பெனிகள் தொடத் துணியாத மாதிரிகளையெல்லாம் சேகரிப்பாளருக்கு எட்டச் செய்தன. 46 அங்குல லாங் லாண்ட், கம்பெனியின் இந்தியா பாட்டர்ன், கடற்படைத் துப்பாக்கி, குதிரைவீரரின் கார்பைன் என்று அவற்றின் வகை பெரிது. இவற்றின் மரம் பெரும்பாலும் ஈட்டி, தேக்கு இனங்களைச் சார்ந்தது, வால்நட்டைவிடக் கனமானது. வெட்டும் உளி எச்சரிக்கையாக நிறுத்திவிட்ட இடங்களில் மரம் மிகையாகத் தங்கிவிடுவதால், மூலத்தின் மெலிந்த வடிவம் பிரதியில் சற்றுப் பருத்துத் தோன்றும். வாங்கியவுடன் அரத்தையும் உளியையும் எடுத்துக்கொண்டு, விசைப்பூட்டைச் சுற்றியுள்ள மேட்டைச் செதுக்கி, கைப்பிடியை ஒடுக்கி, பளபளக்கும் மெருகைச் சுரண்டி எண்ணெய் பூசுவது சேகரிப்பாளரிடையே ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது.

இந்தியப் பிரதிகள் கப்பலேறும்போது பற்றுவாய், அதாவது விசைப்பூட்டின் கிண்ணத்தில் இடும் ரஞ்சகம் என்னும் பற்றுமருந்தின் தீ குழலுக்குள் செல்வதற்குரிய சிறு துளை, துளைக்கப்படாமலே இருக்கும். துளையில்லாத துப்பாக்கி சுடாது. சுடாதது அலங்காரப் பொருள். அலங்காரப் பொருளுக்குச் சுங்கத்திலும் ஏற்றுமதியிலும் தொல்லை குறைவு. அக்கரை சேர்ந்தபின் வியாபாரியோ வாங்கியவரோ ஒரு துளைக்கருவியைக் கொண்டு அதனை ஆயுதமாக்கிவிடுகிறார். இதுபற்றி எழுந்த சர்ச்சை இன்னும் ஓயவில்லை. இவற்றின் குழல்கள் பலவும், எஃகுத் தகட்டைக் குழாயாகச் சுருட்டி விளிம்புகளை மின்சாரத்தால் இணைத்து, உட்கோலின்மேல் குளிர்நிலையில் இழுத்து நீட்டப்பட்ட குழாய்களால் ஆனவை. இணைப்புள்ள குழாயில் மருந்து கெட்டிப்பது தற்கொலை என்பது ஒரு சாராரின் வாதம். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் அசல் குழல்களும் நீண்ட இரும்புப் பட்டையை உலையில் காய்ச்சி, ஓர் உருளைக்கோலின்மேல் வளைத்து, விளிம்புகளைச் சம்மட்டியால் அடித்து ஒட்டவைத்தே செய்யப்பட்டன. அவற்றுக்கும் தலைமுதல் கால்வரை இணைப்பு உண்டு. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி இணைப்பைப் பற்றியதன்று. லண்டனில் 1637இல் சாஸனம் பெற்ற துப்பாக்கிக் கம்மியர் சங்கமும், பர்மிங்காமில் 1813இல் நிறுவப்பட்ட பரிசோதனைச் சாலையும் செய்து வருவதுபோல, அளவுக்கு மிஞ்சிய மருந்தால் வெடித்துப் பார்த்து முத்திரை குத்தும் ஓர் அதிகாரி அக்குழலைப் பார்த்தாரா என்பதே கேள்வி. இத்தாலியக் குழல் அம்முத்திரையுடனேயே வருகிறது. துளையில்லாமல் கப்பலேறும் குழலை அப்படி வெடித்துச் சோதிக்க வழியேயில்லை. பின்பக்கத்துத் திருகு அடைப்பின் புரிகள் எத்தனை ஆழம் பிடித்திருக்கின்றன என்பதும் கழற்றிப் பார்த்தாலன்றித் தெரியாது. மலிவான விலையில் மாதிரிகளின் வமிசாவளி முழுவதையும் சுவரில் வரிசையாகக் காண விரும்புகிறவருக்கு அவை போதும். கன்னத்தை அணைத்துக்கொண்டு சுட விரும்புகிறவர் பரிசோதனைச் சாலைக்கு ஒருமுறை சென்றுவருவது நலம்.

பிரதியின் தரத்தை ஒரே நொடியில் காட்டுவது விசைப்பூட்டு. குதிரை எனப்படும் சுத்தியலின் வாயில், தோல் துண்டால் சுற்றிய சக்கிமுக்கிக்கல் கவ்வப்பட்டிருக்கிறது. விசையை இழுத்தவுடன் குதிரை பாய்ந்து, கல்லின் கூர்விளிம்பு எதிரே நிற்கும் எஃகு முகத்தை மேலிருந்து கீழாகச் சுரண்டுகிறது. அதே வேகத்தில் அம்முகம் பின்னே சாய்ந்து, கிண்ணத்தின் மூடி திறக்கிறது. கல்லிலிருந்து பொறி பறப்பதாகவே பலரும் எண்ணுகிறார்கள். மெய்யில் பறப்பது, கல்லால் சுரண்டப்பட்டுச் சூடேறிக் காற்றில் எரியும் எஃகுத் துகள்களே. ஆதலால் அந்த எஃகு முகம் நன்கு துவைச்சலிடப்பட்டிருக்க வேண்டும். மிருதுவாயிருந்தால் கல் அதில் பள்ளம் தோண்டுமேயொழியப் பொறி எழாது. மலிவான பிரதிகளில் அடிக்கடி நேரும் கோளாறு இதுவே. அறிந்தவர்கள் அம்முகத்தைக் கழற்றி, எலும்புக்கரியில் புதைத்து மூடி நெடுநேரம் காய்ச்சி, நீரில் தோய்த்துத் திரும்பப் பொருத்துவார்கள். விற்களின் பலமும் ஒன்றுக்கொன்று இசையவேண்டும். பெரிய வில் மிகைப்பட்டால் கல் நொறுங்கும். முகத்தைத் தாங்கும் வில் மிகைப்பட்டால் மூடி திறக்கத் தாமதிக்கும். இசைவாக அமைந்த பூட்டில் கல் மோதும் ஒலி, ரஞ்சகத்தின் சீற்றம், குழலின் முழக்கம் ஆகிய மூன்றும் ஒன்றாகவே கேட்கும். இசையாததில் மூன்றையும் தனித்தனியே எண்ணலாம். கல்லுக்கு இங்கிலாந்தின் ஸபக் மாகாணத்துப் பிராண்டன் ஊர்க் கல்லைச் சிலர் இன்றும் விரும்புகிறார்கள். நெப்போலியன் காலத்தில் சேனைக்குக் கற்களை உடைத்துத் தந்தவர்கள் அவ்வூரார்.

கம்பெனிப் பிரதிகளில் திருப்தியடையாத சிலர், அசல் துப்பாக்கியின் உறுப்புகளிலிருந்து அச்செடுத்து வார்த்த பாகங்களை வாங்கி, தாமே கூட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் ஒக்லஹோமா ராஜ்யத்து ஜோன்ஸ் என்னும் ஊரிலுள்ள ‘ரைபிள் ஷாப்பி’ என்னும் கடை இத்தகைய வார்ப்புகளுக்குப் பேர்பெற்றது. வர்ஜீனியாவின் காலனியல் வில்லியம்ஸ்பர்க்கில் உள்ள துப்பாக்கிப் பட்டறையோ இன்னும் ஒரு படி மேலே சென்று, உலையும் அரமும் கையும் தவிர வேறு கருவியின்றி, பழைய முறையிலேயே ஒரு முழுத் துப்பாக்கியைச் செய்யமுடியும் என்பதைக் காட்டியது. அங்கே வாலஸ் கஸ்லர் ஒரு துப்பாக்கியை ஆதியோடந்தமாகச் செய்வதை 1969இல் திரைப்படமாகவும் எடுத்தார்கள்.

இந்தச் சேகரிப்பினால் விளைந்த பெரிய நன்மை நூல்களில் இருக்கிறது. 1961இல் ஹவர்டு பிளாக்மோர் பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிகளைப் பற்றி எழுதியபோது அவருடைய வாசகர்கள் பெரும்பாலும் அருங்காட்சியக அதிகாரிகளும் ஒருசில தனவந்தர்களுமே. பிரதிகள் பெருகியபின், தன் துப்பாக்கியில் எந்தத் தகடு எந்த ஆண்டினது என்று அறியத் துடிக்கும் தச்சனும் ஆசிரியனும் அத்தகைய நூல்களைத் தேடத் தொடங்கினர். டி விட் பெய்லி வாரியத்தின் ஏடுகளைக் கிளறி மாதிரிகளின் ஆண்டுகளைத் திருத்தி எழுதினார். எரிக் கோல்ட்ஸ்டீனும் ஸ்டூவர்ட் மௌப்ரேயும் 2010இல் பிரௌன் பெஸ்ஸை இனங்காண்பதற்கென்றே படங்கள் நிறைந்த நூலொன்றை வெளியிட்டனர். குதிரையின் கழுத்து அன்னக் கழுத்துப்போல் வளைந்திருந்தால் அந்த இந்தியா பாட்டர்ன் 1809க்கு முந்தியது, நடுவில் வளையம் விட்டு உறுதியாக்கப்பட்டிருந்தால் அதற்குப் பிந்தியது என்பதுபோன்ற செய்திகள் இன்று சாதாரணச் சேகரிப்பாளருக்கும் பாடம். பிரிட்டிஷ் அரசாங்கம் பாதுகாத்து வந்த மாதிரித் துப்பாக்கிகளின் பெருந்தொகுதி இப்போது லீட்ஸ் நகரில் ராயல் ஆர்மரீஸின் பொறுப்பில் உள்ளது. ஆராய்ச்சியாளர் முன்னனுமதி பெற்று அங்கே அளவெடுக்கலாம்.

2003இல் இச்சந்தையையே கலக்கிய சம்பவம் ஒன்று நேர்ந்தது. நேபாள அரசின் பழைய ஆயுதங்கள் காட்மாண்டுவில் லகன் ஸிலேகானா என்னும் பாழடைந்த மாளிகையில் நூறாண்டுக்கு மேலாகக் குவிந்து கிடந்தன. அவற்றை மொத்தமாக இரு அமெரிக்க நிறுவனங்கள் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றின. அக்குவியலில் அசல் இந்தியா பாட்டர்ன்கள் இருந்தன. அவற்றைப் பார்த்து நேபாளக் கம்மியர் செய்த துப்பாக்கிகளும் இருந்தன. அசல், புதிய பிரதியின் விலைக்கே கிடைக்கும் விபரீதம் சில ஆண்டுகள் நிலவிற்று. புழுதியும் கெட்டிப்பட்ட எண்ணெயும் அகற்றி, மரத்தைச் செப்பம் செய்துகொள்ளும் உழைப்புக்கு அஞ்சாதவர்கள் அப்போது அள்ளிக்கொண்டார்கள். நேபாளக் கம்மியரின் துப்பாக்கியை எந்தப் பந்தியில் அமர்த்துவது? அது பிரிட்டிஷ் மாதிரியின் பிரதி. ஆனால் ஒரு ராஜ்யத்தின் சேனைக்காக, மெய்யான போருக்காக, அந்த நூற்றாண்டிலேயே செய்யப்பட்ட அசல். சேகரிப்பாளர் பலர் அதைத் தீண்டாமல் ஒதுக்கினர் என்பது எனக்கு வியப்பளிக்கிறது. கையால் அடித்த அதன் பூட்டு, பர்மிங்காமின் மாதிரியை இமயத்தின் அடியில் ஒரு கம்மியன் எப்படிப் புரிந்துகொண்டான் என்பதற்கு நேர்முகச் சாட்சி.

சட்டத்தின் கண்ணுக்கு இப்பொருள்கள் நாட்டுக்கு நாடு வேறாகத் தோன்றுகின்றன. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம், பழங்காலத் துப்பாக்கிகளோடு, தற்காலத் தோட்டாவுக்கு அமையாத பிரதிகளையும் சேர்த்து விலக்கு அளிக்கிறது. ராஜ்யச் சட்டங்கள் வேறுபடலாம். பிரிட்டனில் பிரதி எத்துணைப் பழமையான வடிவினதாயினும் புதிய துப்பாக்கியே. வழவழப்பான குழலாதலால் ஷாட்கன் சான்றிதழ் வேண்டும். கருமருந்து வாங்கி வைத்துக்கொள்ளத் தனிச் சான்றிதழ் வேண்டும். அசல் பழம்பொருளை அலங்காரமாக வைத்திருப்பவருக்கு அங்கே இந்தத் தொல்லையில்லை. பிரதிகளைச் செய்து அனுப்பும் இந்தியாவிலோ, வாய்வழி கெட்டித்துச் சுடத்தக்க துப்பாக்கி எதுவும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் லைசென்ஸுக்கு உட்பட்டது. பழுதுபார்த்தும் சுட முடியாத வழக்கொழிந்த ஆயுதத்திற்கே விலக்கு உண்டு.

எஞ்சியிருக்கும் ஒரு விஷயம் மோசடியைப் பற்றியது. பிரதியை மூலத்துக்கு நெருக்கமாக்கும் ஆசையில் சிலர் குழலின்மேலுள்ள தற்கால முத்திரைகளையும், செய்த நாட்டின் பெயரையும், தொடர் எண்ணையும் அரம்போட்டு அழிக்கிறார்கள். பல நாடுகளில் தொடர் எண்ணை அழிப்பது குற்றமாகவும் கூடும். அது ஒருபுறமிருக்க, இருபது ஆண்டு மழையும் புகையும் பட்டு, கைமாறி, செய்தவர் இன்னாரென்ற செய்தி மறந்தபின், அத்துப்பாக்கியை ஏலத்தில் எடுப்பவன் ஏமாறுவான். அமிலம் தடவித் துருவேற்றிய பிரதிகள் அசலாக விலைபோன கதைகள் சேகரிப்பாளரிடையே மலிந்திருக்கின்றன. தேர்ந்த கண் திருகாணியைக் கழற்றிப் புரிகளைப் பார்க்கும். யந்திரத்தில் வெட்டிய ஒழுங்கான புரி உடனே காட்டிக்கொடுத்துவிடும். மரத்தைக் குழலிலிருந்து பிரித்து, உளிபட்ட தடமா, யந்திரம் ஓடிய தடமா என்று நோக்கும். பழைய பர்மிங்காம் குழற்கம்மியர்கள் மரம் மறைக்கும் குழலின் அடிப்பக்கத்தில் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைக் குத்தி வைத்தார்கள். இன்றைய கம்மியரும் அந்த மறைவிடத்தில் தம் பெயரையும் ஆண்டையும் ஆழமாகக் குத்திவிட்டால், மேற்புறம் எவ்வளவு மூலத்தை ஒத்திருந்தாலும், வாங்குகிறவன் ஊசிகளையும் திருகையும் கழற்றிப் பார்த்து உண்மையை அறிந்துகொள்ளலாம்.